முறுக்குக் கம்பெனி முதலாளிக்கு

ஏலே பேராண்டி, கம்பெனி ஆரம்பிச்சிருக்கியாமே! உன் விசிட்டிங் கார்டு டீக்கடை வரைக்கும் வந்துட்டு. கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். மேலே உன் பேரு. அதுக்குக் கீழே 'ஃபவுண்டர் அண்டு சி.இ.ஓ.' அதுக்கும் கீழே வாயிலே நுழையாத இங்கிலீசுப் பேரு ஒண்ணு. திருப்பிப் பாத்தேன், பின்னாடி கட்டம் கட்டமா ஒரு கறுப்புப் படம். எல்லாம் இருக்கு, என்னத்த விக்கேன்னு மட்டும் இல்லை. கடைசியிலே டீ ஆத்துதவன்தான் சொன்னான், "முறுக்கு தாத்தா, வீட்டுலே சுட்டு விக்காக"ன்னு.

முறுக்குன்னு போட என்னடே கூச்சம்? மணப்பாறைக்காரன் முறுக்குன்னேதான் கூவி வித்தான். 2023லே அதுக்குப் புவிசார் குறியீடே வந்துச்சு. நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020லேயே வந்துட்டு. சாத்தூரான் சேவைச் சேவுன்னுதான் சொல்லுதான். ஊருப் பேரும் பண்டத்துப் பேரும் போதும்னு இருந்தவுக அவுக. உனக்கு மட்டும் இங்கிலீசுலே என்னமோ கிரஞ்சு வேண்டியிருக்கு. நாளைக்கு ஒரு ஆச்சி உன் வாசல்லே வந்து நின்னு என்னன்னு கேப்பா? பேரைச் சொல்லத் தெரியாமத் திரும்பிப் போயிருவா, பாத்துக்கோ.

சரி, பேரு உன் இஷ்டம். எனக்கு வேற ஒரு சந்தேகம். அரிசியை ஊறப்போட்டு, வடிகட்டி, நெழல்லே ஒணத்தி, மில்லுக்குச் சுமந்துட்டுப் போய்த் திரிச்சுட்டு வாரது யாரு? உங்க அம்மா. உளுந்தைக் கருகாம வறுத்து, எள்ளுலே கல்லுப் பொறுக்கி, வெண்ணெயைப் போட்டுப் பிசையுதது? உங்க அம்மா. உச்சி வெயில்லே எண்ணெய்ச்சட்டி முன்னாடி நின்னு பிழியுதது? அதுவும் அவதான். நீ ஃபவுண்டர். சரி, இருந்துட்டுப் போ. அவளுக்கு ஒரு கார்டு அடிச்சியாடே? அடிச்சிருந்தா அதுலே என்னன்னு போட்டே?

பதிலைக் காணோம். அப்ப நான் பேசுதேன், நீ கேளு.

வீட்டுலே இருந்தே தொழில் பண்ணுததை என்னமோ நீங்கதான் கண்டுபிடிச்சதாப் பேசுதிய. நம்ம கரிசக்காட்டுலே மழை பொய்ச்ச வருசமெல்லாம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டித்தான்லே அடுப்பு எரிஞ்சுது. பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகளும் பக்கத்துலே உக்காந்து ஒட்டுச்சு. அதிலே பெருமைப்பட ஒண்ணுமில்லே, நடந்ததைச் சொல்லுதேன். வெள்ளன எந்திரிச்சு ஒருத்தி ஆப்பம் சுட்டா. ஒருத்தி மாடு வச்சுப் பால் ஊத்துனா. ஒருத்தி தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப்போட்டுப் பாவாடை தச்சா. புருசன் செத்துப்போன ஒருத்தி ஊறுகாய் போட்டு மூணு பொட்டப்பிள்ளைகளைக் கட்டிக்குடுத்தா. இவளுக ஒருத்தியும் 'எனக்கு இதுலே ஒரு பேஷன்'னு சொன்னதில்லே. வீட்டுலே அரிசி இல்லைன்னாளுக. அது போதுமான காரணமா இருந்துச்சு.

உனக்கு ஒருத்தன் கம்ப்யூட்டர்லே பாடம் நடத்துதானாமே? வீட்டுத்தொழில்லே கோடீசுவரன் ஆவதெப்படின்னு. அதுக்கு வேற ரெண்டாயிரம் ரூபா கட்டினியாம். ஏலே, அவன் பண்ணுததும் வீட்டுத்தொழில்தான். வீட்டுலே உக்காந்துதான் பேசுதான். மாவு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அடுப்பு வேண்டாம். உன்னை மட்டும் வறுத்துக்கிடுதான். முறுக்கைவிட அது லாபமான சரக்கு. அவன் இதுவரைக்கும் என்ன வித்திருக்கான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்டே.

இப்ப கணக்குக்கு வா. பேனா எடு. ஒரு பேச்சுக்கு வச்சுக்கிடுவோம், முறுக்கு கிலோ 300 ரூபாய்க்கு விக்கே. அரிசி, உளுந்து, வெண்ணெய், எள்ளு, எண்ணெய் எல்லாம் சேத்து 170 ரூபா. உடனே நீ என்ன பண்ணுவே? முந்நூறிலே நூத்தியெழுபதைக் கழிச்சு, 'தாத்தா, கிலோவுக்கு 130 ரூபா லாபம்'னு சொல்லுவே. மாசம் நூறு கிலோ போட்டா 13,000, வருசத்துக்கு இம்புட்டு, அஞ்சு வருசத்துலே காருன்னு போயிருவே. நில்லுடே. கேஸு? மில்லுக்காரன் கூலி? கவரு, அதுமேலே ஒட்டுத படம்? பஸ் ஸ்டாண்டுக்குப் பொட்டலத்தைத் தூக்கிட்டுப்போன ஆட்டோ? எல்லாத்துக்கும் சேத்துக் கிலோவுக்கு 60 ரூபா போடு. மிச்சம் 70. அந்த ஒரு கிலோவுக்கு உங்க அம்மா நின்னது, குனிஞ்சது, அலசுனது, பிழிஞ்சது, பாத்திரம் வெளக்குனது எல்லாம் ரெண்டு மணி நேரம்னு வச்சுக்கோ. மணிக்கு 35 ரூபா ஆச்சு. வெளியாளை வச்சா அந்தக் கூலிக்கு யாராவது வருவாகளா? நூறு நாள் வேலைக்குப் போனாக்கூட மரத்து நெழல்லே செத்த உக்காரலாமே!

ஆக, உன் லாபம்னு நீ சொல்லுதது உங்க அம்மா கூலிதான். அவளுக்குக் குடுக்காம வச்சிருக்கே, அதுக்கு லாபம்னு பேரு வச்சிருக்கே. என்சினீயர் படிப்பெல்லாம் படிச்சிருக்கே, ஆனா இது மட்டும் உன் கண்ணுலே படலை பாரு.

'உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக்கூட மிஞ்சாது'ன்னு பெரியவுக சொன்னாக. சம்சாரிக்கு அது சரி, அவனுக்கு மழையும் சந்தையும் கையிலே இல்லை. உனக்கு அப்படியா? வெலை வைக்கிறது நீதானே? முந்நூறிலே கூலி கட்டலைன்னா முந்நூத்தி அறுபது வை. அந்த வெலைக்கு வாங்க ஆளில்லைன்னா, இந்தச் சரக்கு இந்த ஊருலே ஓடாதுன்னு இப்பவே தெரிஞ்சுபோகும். அதுவும் லாபம்தான். 'முதல் ஆறு மாசம் நட்டத்துலே குடுத்து ஆளைப் பிடிக்கணும் தாத்தா'ங்கே. அதெல்லாம் அடுத்தவன் காசுலே கடை போடுத பெரிய கம்பெனிக்காரன் வேலை. உனக்கு ஆரு காசு போடுதா? உங்க அம்மா மணிக்கட்டுதான் முதலீடு. அதைத் தேய விட்டுட்டு ஆளைப் பிடிச்சு என்ன பண்ணப்போறே?

பம்பாய்க்காரப் பொம்பளைக கதை ஒண்ணு சொல்லுதேன். 1959ஆம் வருசம், மார்ச்சு மாசம் 15ஆம் தேதி. கிர்காவ் பக்கம் ஒரு பெரிய குடித்தனக் கட்டடம். அதுலே குடியிருந்த ஏழு குஜராத்திப் பொம்பளைக மொட்டைமாடிக்கு ஏறுனாக. கையிலே 80 ரூபா. அதுவும் கடன், சகன்லால் கரம்சி பாரேக்குன்னு ஒரு சமூக சேவகர் குடுத்தது. அந்தக் காசுக்கு மாவும் சாமானும் வாங்கி அப்பளம் தேச்சாக. அன்னைக்கு மொத்தமே நாலு பாக்கெட்டுதான். தெரிஞ்ச கடைக்காரர் ஒருத்தர் புலேஷ்வர்லே இருந்தார், அவருகிட்டே கொண்டுபோய்ப் போட்டாக. ரிப்பன் வெட்டலை. போட்டோ பிடிச்சுப் போடலை. முதல் வருசம் முழுக்க வித்தது 6,196 ரூபாய்க்கு. அதுதான்லே இன்னைக்கு நீ கடையிலே பாக்குத லிஜ்ஜத் அப்பளம்.

இதுலே எனக்குப் பிடிச்ச இடம் வேற. அந்த வருசம் மழை வந்துச்சு. பம்பாய் மழை தெரியுமில்லே, எடுத்தா விடாது. அப்பளம் காயலை. நாலு மாசம் தொழிலே நின்னுபோச்சு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? ட்ரையர் மெஷினுக்கு பேங்குலே லோன் கேட்டு, அது வரலைன்னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டிருப்பே. அவுக என்ன பண்ணுனாக தெரியுமா? அடுத்த வருசம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்குனாக. கட்டில் மேலே அப்பளத்தைப் பரப்புனாக, அடுப்பைக் கட்டிலுக்கு அடியிலே வச்சாக. வெளியே மழை கொட்டுது, உள்ளே அப்பளம் காயுது. தீந்துச்சு சோலி. இதுக்குப் பட்டம் படிச்ச ஆலோசகர் வரலை. ஏழு பேரு பல வருசமா வீட்டுலே ஈரத்துணி காயப்போட்ட அனுபவம் வந்துச்சு.

இன்னொண்ணு. ஆரம்பத்துலே ரெண்டு தரத்துலே அப்பளம் போட்டாக, மட்டமானதைக் குறைஞ்ச வெலைக்கு விக்கலாம்னு. அந்தப் பாரேக்குப் பெரியவர், 'ஒரே தரம் போடுங்க, அதுலே எப்பவும் இறங்காதீக'ன்னு சொல்லிட்டார். ஒடைஞ்ச அப்பளம்? அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் குடுத்தாக, பாக்கெட்டுக்குள்ளே போடலை. நீ அன்னைக்கு எனக்குக் குடுத்தியே ஒரு பொட்டலம், மேலே ரெண்டு முழு முறுக்கு, அடியிலே பூராவும் நொறுங்குனது. கிழவனுக்குப் பல்லு இல்லைன்னு கருணையா, இல்லே அதுதான் தொழில் முறையா?

அங்கே அப்பளம் தேய்க்கிறவ எல்லாரும் அதுலே பங்காளி. காலையிலே மையத்துலே போய்ப் பிசைஞ்ச மாவை வாங்கிட்டு வாராக, வீட்டுலே உக்காந்து தேச்சுக் காயவச்சுத் திருப்பிக் குடுக்காக, தேச்சதுக்குக் கூலி கையிலே வாங்கிக்கிடுதாக. லாபம் வந்தாலும் எல்லாருக்கும், நட்டம் வந்தாலும் எல்லாருக்கும். இப்படி ஏழு பேரு பல்லாயிரம் பேரு ஆனாக. முதல்லே மாடி ஏறுனவுகள்லே ஒருத்தர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். 2021லே அவுகளுக்குப் பத்மஸ்ரீ குடுத்தாக. தொழில் தொடங்கி அறுபது வருசம் கழிச்சு! நீ கார்டு அடிச்ச மறுநாளே ஜில்லா அளவுலே 'இளம் தொழிலதிபர்' விருதுக்குப் பேரு குடுத்திருக்கியாம். அதுக்கும் பணம் கட்டணுமாமே?

போகட்டும். காகித சோலிக்கு வருவோம். இதுலே ரெண்டு வகைப் பயலுக. ஒருத்தன் ஒண்ணுமே எடுக்க மாட்டான். இன்னொருத்தன் எல்லாத்தையும் ஒரு ஏஜெண்டுகிட்டே குடுத்துட்டு ஏமாந்து நிப்பான். நீ ரெண்டாவது ரகம். உத்யம்னு சொல்லுத சிறுதொழில் பதிவுக்கு ஒருத்தன் மூவாயிரம் வாங்கிட்டான்னு உங்க அப்பா சொன்னாரு. அடக் கோட்டி! 2020 ஜூலையிலேருந்து அது ஆதாரை வச்சு நாமளே பதியுதது. ஒரு பைசா கட்டணம் கிடையாது. செல்போன்லே நாள் பூரா வெரலைத் தேய்க்கியே, அந்த வெரலு அரைமணி நேரம் இதுக்கு ஆகாதா?

ஆனா தின்னுத பண்டம் விக்கிறவன் உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் விட்டுறக் கூடாது. 2006லே போட்ட சட்டம். உன்னை மாதிரிச் சின்ன ஆளுக்குப் பெரிய லைசென்சு வேண்டாம், பதிவு போதும். வருசத்துக்கு 100 ரூபாதான் கட்டணம். பதினாலு இலக்கத்துலே ஒரு நம்பர் குடுப்பாக, அதைப் பாக்கெட்டுலே போடணும். உன் பாக்கெட்டை நல்லாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். 'அன்புடன் தயாரிக்கப்பட்டது'ன்னு இருக்கு. 'பாட்டியின் கைப்பக்குவம்'னு இருக்கு. வெள்ளைக்காரி கணக்கா ஒரு பாட்டி படமும் இருக்கு, அது யார் வீட்டுப் பாட்டியோ! எடை எவ்வளவு? இல்லை. என்னைக்குச் சுட்டது? இல்லை. எதுவரைக்கும் திங்கலாம்? இல்லை. எந்த எண்ணெய்? இல்லை. விலாசம்? இல்லை. அன்பு எத்தனை கிராம்னாவது போட்டிருக்கலாம். வாங்குதவன் முதல்லே கேக்கிறதும் சட்டம் கேக்கிறதும் இங்கே ஒண்ணுதான்டே: இது என்னது, எம்புட்டு, என்ன வெலை, எப்போ செஞ்சது, கெட்டுப்போனா யாரு வீட்டுக் கதவைத் தட்டணும்?

ஜி.எஸ்.டி.ன்னு ராத்திரி தூக்கமில்லாமக் கெடக்கியாம். நம்ம மாநிலத்துக்குள்ளேயே பண்டம் விக்கிறவனுக்கு வருசத்துலே 40 லட்சம் தாண்டினாத்தான் அந்தப் பதிவு. நீ தாண்டுத அன்னைக்கு எனக்கும் சொல்லி அனுப்பு, வந்து மாலை போடுதேன். ஆனா ஒரு சங்கதி. பெங்களூருலே இருக்க உன் கூட்டாளிகளுக்கு அனுப்பப் போறேன்னியே, அது வேற மாநிலம். எல்லை தாண்டி சரக்கு விக்கணும்னா ஆயிரம் ரூபா வியாபாரமா இருந்தாலும் பதிவு வேணும். கம்ப்யூட்டர்லே பாடம் நடத்துத உன் மென்டர் இதைச் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். அவன் கோடியிலே பேசுத ஆளு, ஆயிரத்துக்கு இறங்க மாட்டான்.

அடுப்படியையும் ஒரு பார்வை பாத்தேன். வீட்டு சிலிண்டர்லே, 14.2 கிலோ இருக்கே, அதுலேயே வியாபாரத்துக்குப் பிழியுதிய. தப்புடே. வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர் தனியா இருக்கு. வெலை கூடத்தான். அந்த வெலையைப் போட்டுக் கணக்குப் பாத்தா முறுக்கு கட்டலைன்னு சொல்லுவே. அப்ப இத்தனை நாளும் உனக்குக் கட்டுனது முறுக்கு இல்லை, வீட்டு சிலிண்டரோட குறைஞ்ச வெலை.

எண்ணெய் சங்கதியை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லுதேன், ஏன்னா நெறைய வீட்டுத்தொழில் இதுலேதான் படுக்குது. முதல் ஈடு வெள்ளை வெளேர்னு வரும், வாங்குனவன் ஆகா ஓகோம்பான். மூணாம் நாள் அதே எண்ணெயைக் காய வைப்பிய. 'இம்புட்டு எண்ணெயை எப்படிம்மா கீழே ஊத்த?'ன்னு ஒரு பேச்சு வரும். காஞ்ச எண்ணெய் காய காய உள்ளே வேண்டாததெல்லாம் சேரும். அது நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கைத் தாண்டினா அந்த எண்ணெயைத் தொடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அளக்க மீட்டர் விக்காக. மீட்டர் வாங்கலைன்னாலும் மூக்கு இருக்கில்லே? நொரை கட்டுதா, சட்டியிலே பிசுக்குன்னு பிடிக்கா, புகை முன்னாலேயே வருதா, பாரு. அந்த எண்ணெயிலே பிழிஞ்ச முறுக்கு நாலாம் நாளே காறல் வாடை அடிக்கும். வாங்குனவன் உன்கிட்டே வந்து சண்டை போட மாட்டான். சிரிச்சுக்கிட்டே போயிருவான், திரும்ப வர மாட்டான். சண்டை போடுத வாடிக்கைக்காரனைக் கும்பிடு, சொல்லாமப் போறவன்தான் தொழிலை அழிக்கிறவன்.

விளம்பரத்தைப் பத்தியும் கேட்டே. வட்டமா ஒரு வெளக்கு வாங்கி வச்சிருக்கியே, அந்த வெளிச்சத்துலே முறுக்கைக் காட்டி வீடியோ எடுக்கே. நாப்பது பேரு இதயப் படம் போட்டிருக்கான். நாப்பது பேர்லே எத்தனை பேரு காசு போட்டான்? வாயாலே வடை சுடுதவன் நம்ம ஊருலே எப்பவும் உண்டு, இப்போ வெரலாலேயும் சுடுதான், அவ்வளவுதான். வீடியோ எடு, வேண்டாம்னு சொல்லலை. ஆனா ஒரு நோட்டுலே எழுது: இன்னார் இன்ன தேதி வாங்குனார், மறுபடி எப்போ வாங்குனார். மறுபடிங்கிற பத்தி காலியாக் கெடந்தா, குத்தம் வெளிச்சத்துலே இல்லை, உப்பிலேயோ எண்ணெயிலேயோ இருக்கு.

சொந்தக்காரங்களை அந்த நோட்டுலே சேக்காதே. உங்க பெரியம்மா முதல் வாரம் ரெண்டு கிலோ வாங்குனா, பாசம். அடுத்த வாரம் 'காசு அப்புறம் தாரேன்'பா, உறவு. அதுக்கடுத்த வாரம் 'நம்ம பிள்ளை கம்பெனிதானே'ன்னு டப்பாவோட எடுத்துட்டுப் போவா, உரிமை. 'கடன் அன்பை முறிக்கும்'னு பலசரக்குக் கடை அண்ணாச்சி எழுதித் தொங்கவிட்டிருக்காரே, அவரு அதைக் கவிதைன்னு நெனச்சா மாட்டியிருக்காரு? சொந்தக்காரங்களுக்கு ஓசியாக் குடு, அது உன் மனசு. ஆனா குடுத்ததை நோட்டுலே எழுதிட்டுக் குடு. கடனாக் குடுக்காதே. ரெண்டும் ஒண்ணு இல்லை.

கூரியர்லே அனுப்புத ஆசையையும் கொஞ்சம் அடக்கு. கை முறுக்கு சுத்து எத்தனை அழகா இருந்தாலும், அந்த வண்டியிலே மூணு மூட்டைக்கு அடியிலே கெடந்து போய்ச் சேருதப்போ பொட்டலத்துக்குள்ளே பொடிதான் இருக்கும். அம்புட்டு ஆசையா இருந்தா, தகர டப்பாவுக்குக் காசு சேத்து வெலை வை. இல்லைன்னா முதல்லே பஸ் போற தூரத்துக்குள்ளே வித்துப் பழகு. நம்ம ஊரைச் சுத்தி எத்தனை கல்யாண வீடு, எத்தனை சடங்கு வீடு, எத்தனை டீக்கடை! அந்த டீக்கடைக்காரனே உன் கார்டைத்தான் வச்சிருக்கான், உன் முறுக்கை வைக்கலை. கண்ணாடி பாட்டில்லே நாலு முறுக்குப் போட்டு வச்சியாடே அங்கே?

மெஷின் வாங்கப் போறேன்னு வேற சொல்லுதே. முத்ரா கடன்லே சிசுங்கிற வகையிலே 50,000 ரூபா வரைக்கும் அடமானம் இல்லாமத் தாராக, நல்ல சங்கதிதான். வாங்கு. ஆனா எப்போ வாங்கணும்? ஆர்டர் வந்து, கை போதாம, உங்க அம்மாவே 'இனி முடியாதுலே, மெஷின் வாங்கு'ன்னு சொல்லணும். அவ வாயிலேருந்து வரணும், உன் லேப்டாப்புலேருந்து இல்லை. ஆர்டருக்கு முன்னாடி வந்த மெஷின் எத்தனை வீட்டுலே துணி காயப்போட உதவுதுன்னு நம்ம தெருவுலேயே காட்டுதேன், வா.

தீவாளி வருது. அதுக்குத்தான் நீ இம்புட்டுத் துடிக்கேன்னு எனக்குத் தெரியும். ஆபீசுக்காரன் ஒருத்தன் ஒரே மூச்சிலே 200 கிலோ கேட்டிருக்கானாம், நீ சரின்னுட்டியாம். யாரைக் கேட்டுட்டு சரின்னே? பிழியுதவளைக் கேட்டியா? நாளைக்கு நாலு கிலோ போடுத கை, பத்து நாள்லே இருநூறு போடணும்னா ராத்திரி தூங்கக் கூடாது. மாவு அவசரத்துலே ஈரம் போகாம வரும், முறுக்கு நமுத்துப்போகும், அந்த ஆபீசுலே இருக்க எல்லாரும் ஒரே நாள்லே உன் பேரைக் கெட்ட பேரா ஆக்கிருவாக. போன் பண்ணு. 'ஐயா, எங்களாலே நாப்பது கிலோதான் நல்லாச் செய்ய முடியும், மிச்சத்துக்கு வேற இடம் பாத்துக்கிடுங்க'ன்னு சொல்லு. அவரு கோவிக்க மாட்டாரு. அப்படிச் சொல்லுத பயலை அவரு இதுக்கு முன்னாடி பாத்திருக்கவே மாட்டாரு. இல்லே, பக்கத்துத் தெரு மதினிமாருக நாலு பேரைக் கூலிக்குக் கூப்பிடு. கூலியை முதல்லே பேசு, கடைசி நாள் சாயங்காலமே கையிலே குடு. உங்க அம்மாவுக்கும் அதே கூலி, அதே நாள், அதே கையெழுத்து நோட்டுலே. அவ வாங்க மாட்டேன்பா. 'எனக்கு எதுக்குலே காசு'ம்பா. விடாதே. ஒரு தடவை வாங்கிப் பாக்கட்டும், அடுத்த தடவை அவளே கேப்பா.

நெறையப் பேசிட்டேன், தொண்டை காஞ்சுபோச்சு. சரி, எனக்கு அரைக்கிலோ கட்டு. புது எண்ணெய் ஈடுதானே? முழுசாப் பாத்துப் போடு, நொறுங்குனதைத் தனியாக் குடு, பேத்திக்கு ஆகும். ஓசி வேண்டாம்டே, இந்தா ஐநூறு ரூபா நோட்டு. செல்போன்லே அனுப்புததெல்லாம் எனக்கு வராது. என்னது, சில்லறை இல்லையா? உங்க அம்மாகிட்டே கேளு, கடுகு டப்பாவுக்கு அடியிலே வச்சிருப்பா. எழுதி வச்சிட்டு எடு.